‘ங்க’ போட்டால்தான் முடிந்தது

வீரபாண்டியில் பூபாலன் நடத்தும் பனியன் கம்பெனியில், மூன்றாவது லைனின் கோடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அது சூப்பர்வைசர் நாற்காலி. கன்னையன் என்ற பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, கொமரலிங்கத்தில் தென்னந்தோப்பைப் பார்க்கப் போய் ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து அவர் பார்த்த வேலையை நாகஜோதிதான் பார்க்கிறாள். ஆனால் அவள் சூப்பர்வைசர் அல்ல. செக்கிங். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. செக்கிங் ஆட்கள் நின்றுகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அதனால் காலை எட்டரை மணியிலிருந்து, காலியாகக் கிடக்கும் நாற்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சூப்பர்வைசர் வேலை பார்ப்பாள். நாற்காலி ஓய்வெடுத்துக்கொள்ளும்.

நாகஜோதிக்கு விளாத்திகுளம் பக்கம். கல்யாணமாகி இருபத்திரண்டு வயதில் திருப்பூருக்கு வந்தாள். இப்போது நாற்பத்தொன்று. புருஷன் ராமர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பத்தொன்பது வருடம் நின்றதில் அவளுக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டுகொண்டு நிற்கிறது. டாக்டரிடம் போனாள். ‘உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார்த்து மாறிக்கொள்ளுங்கள்’ என்றார் அவர். அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

ஆக, அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலிதான். பெயர், பெருமை, பூச்செண்டு எதுவும் வேண்டாம். அந்த ஒரு கை உடைந்த நாற்காலி போதும்.

இந்த நாகஜோதி ஒரு மொழியை உண்டாக்கியவள். வேண்டுமென்று செய்யவில்லை. மூன்றாவது லைனில் அறுபது மிஷின். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். மீதிப் பேர் தெற்கத்தி ஜில்லாக்காரர்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. புரியாவிட்டால் பீஸ் கெட்டுப்போகும்; பீஸ் கெட்டால் நாகஜோதிக்குத் திட்டு விழும். திட்டு வாங்காமல் இருப்பதற்காக அவள் அங்கொரு சொல் இங்கொரு சொல்லாகப் பொறுக்கி ஒட்டுப்போட்டுப் பேசினாள். அறுபது பேரும் அதையே பேசினார்கள். ஐந்து வருடத்தில் அது ‘லைன் பாஷை’ ஆகிவிட்டது.

அதற்கு இலக்கணமும் இருந்தது. பெயர்ச்சொல் தமிழ், வினைச்சொல் இந்தி. குற்றம் குறையெல்லாம் இங்கிலீஷ், ஏனென்றால் திட்டு ஆபீசிலிருந்து இங்கிலீஷில்தான் வரும். நான், நீ, அவன், அவள் கிடையாது. மிஷின் பெயர்தான் ஆள் பெயர். ‘ஓவர்லாக் நாலு வயிறு தர்த்’ என்றால் நாலாம் நம்பர் ஓவர்லாக்கில் இருக்கும் பெண்ணுக்கு வயிற்றுவலி என்று பொருள். மிஷினுக்கு ஒன்று என்றால் ஆபீசிலிருந்து ஆள் ஓடிவரும், மனுஷிக்கு ஒன்று என்றால் வராது என்பதால் இந்த விதி எல்லோருக்கும் வசதியாக இருந்தது. நேற்றைக்கும் நாளைக்கும் ‘கல்’ என்று ஒரே சொல். ‘லீவு கல்’ என்றால் நேற்று போட்ட லீவா, நாளைக்குக் கேட்கிற லீவா என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே திட்டுதான் என்பதால் பிரித்துச் சொல்லும் அவசியமும் வரவில்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ‘ங்க’.

அது வந்த கதை இப்படி. கன்னையன் கொங்கு ஆள். லைனில் நடந்துகொண்டே, ‘ஹோகயா? ஹோகயா?’ என்று கேட்டுக்கொண்டு போவார். ஆச்சா, ஆச்சா என்று அர்த்தம். அறுபது மிஷின் ஓடும் சத்தத்தில் கேள்விக்குறி யார் காதில் விழுகிறது? ‘சீக்கிரம் முடி’ என்று விரட்டுகிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேலை நிஜமாகவே முடிந்தபிறகு முதலாளி பூபாலன் வருவார். அவரிடம் கன்னையன் கையைக் கட்டிக்கொண்டு, ‘ஆயிருச்சுங்க’ என்பார். ஒடிசாக்காரர்கள் இதை வருடக்கணக்கில் கவனித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கண்ணும் காதும் இருந்தது. ‘ங்க’ இல்லாவிட்டால் வேலை முடியவில்லை, முடிக்கச் சொல்கிறார். ‘ங்க’ இருந்தால் நிஜமாகவே முடிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். நாகஜோதிக்கும் அது அயலூர்ப் பேச்சுதான். விளாத்திகுளத்தில் யாரும் அவளிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அவளும் அப்படியே நம்பினாள்.

தப்புத்தான். ஆனால் அறுபது பேரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டால் அதற்குப் பெயர் தப்பல்ல, இலக்கணம். அன்றிலிருந்து லைனில் ‘பட்டன் ஹோகயா’ என்றால் பட்டனை முடி. ‘பட்டன் ஹோகயாங்க’ என்றால் முடிந்துவிட்டது, நம்பலாம். இந்தியில் ‘மில்கயா’ என்றால் கிடைத்தது; லைனில் ‘கத்திரி மில்கயா’ என்றால் கத்திரியைக் காணோம், தேடு. ‘கத்திரி மில்கயாங்க’ என்றால் கிடைத்துவிட்டது. ‘ங்க’ போட்டு யாரும் பொய் சொன்னதில்லை. இப்படிப்பட்ட ஒரு விகுதி சட்டசபைக்குக்கூடக் கிடைத்ததில்லை.

பூபாலனுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ‘ங்க’ வேறு. பேங்க் மேனேஜருக்கு ‘ங்க’, சரக்கு வாங்கும் பையரின் ஆட்களுக்கு ‘ங்க’, ராங் நம்பர்காரனுக்குக்கூட ‘ங்க’. லைனுக்குள் நுழைந்ததும் அதை வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிடுவார். நாகஜோதி தன்னிடம் வெறும் ‘சார்’ போட்டுப் பேசுவது மட்டும் அவருக்கு உறுத்தும். ‘தெக்கத்தி ஆளுகளுக்கு மரியாத பத்தாதுங்க’ என்று ஆபீசில் சொல்வார். முடியாத வேலைக்கு அவள் எப்படி ‘ங்க’ போடுவாள்?

போன வருடம் பூபாலன் ஏதோ ஒரு ஓட்டலில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போனார். பீஸ் ரிஜெக்ட் ஆவதற்குக் காரணம் தொழிலாளர்களிடையே ‘கம்யூனிகேஷன் கேப்’ என்று அங்கே யாரோ சொன்னார்கள். மத்தியானச் சாப்பாடும் நன்றாக இருந்திருக்கிறது. திரும்பி வரும்போது தரணி என்பவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். தரணி கோயம்புத்தூர், கம்யூனிகேஷன் கன்சல்டன்ட். கையில் டேப்லட், கழுத்தில் ஹெட்போன், முகத்தில் சிரிப்பு. லைன் பாஷையைக் கேட்டதும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இதற்கு இலக்கணம் எழுதப்போவதாகச் சொல்லி மூன்று வாரம் லைனிலேயே உட்கார்ந்தார்.

எதில் உட்கார்ந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

நல்ல மனுஷன்தான். எல்லோரிடமும் ‘ங்க’ போட்டே பேசினார்.

“ஏனுங்க அக்கா, இந்த பாஷைய நீங்கதான் உருவாக்குனீங்களாங்க?”

“நான் எங்க சார் உருவாக்குனேன்? புரியாட்டி வேல நின்னு போகும். வேல நிக்கக் கூடாதுன்னு என்னமோ பேசுதோம்.”

“முக்கியமான ரூல் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க.”

“அந்த ‘ங்க’தான் சார். அத விட்டுறாதீக. அது இருந்தாத்தான் நெசம்.”

தரணி குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார். “அது எங்க ஊரு மரியாதைங்க அக்கா. நாங்க பொறந்ததுல இருந்து சொல்றோமுங்க. அதுக்கு அர்த்தமே இல்லீங்க.”

வாக்கியத்துக்கு வாக்கியம் அர்த்தமில்லாமல் சொல்லிவிட்டு, டேப்லட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டை. ‘ஃப்ளோர் டாக்: இலக்கணமும் பயிற்சியும்.’ ஒன்பதாவது விதி: ‘ங்க — மரியாதை விகுதி. தனிப்பொருள் இல்லை. நேரம் கருதித் தளத்தில் விட்டுவிடுக.’ அறுபது பேர் ‘ங்க’ சொல்லாவிட்டால் ஒரு ஷிப்டுக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று படம்கூடப் போட்டிருந்தார். பூபாலன் படித்துவிட்டுக் கொஞ்சம் தடுமாறினார்.

“ஏனுங்க தரணி, நம்மூர்ல ‘ங்க’ இல்லாமப் பேசறதாங்க?”

“லைனுக்குள்ள மட்டுந்தானுங்க.”

“அப்பச் சரிங்க,” என்றார் பூபாலன்.

மறுநாளே சுவரில் போர்டு மாட்டினார்கள்: ‘தளத்தில் “ங்க” தவிர்ப்போம், நேரம் சேமிப்போம்.’ அதோடு ஒரு பரீட்சையும் அறிவித்தார்கள். முதல் மார்க் வாங்குபவருக்கு மூன்றாவது லைன் சூப்பர்வைசர் பதவி.

ராத்திரி ராமர் கேலி செய்தும் கேட்காமல், நாகஜோதி பரீட்சைக்குப் புதுப் பேனா வாங்கினாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் என்றாலும் பயப்படவில்லை. தன் வாயிலிருந்து வந்த மொழி. இதில் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

ஏழாவது கேள்வி: ‘ஒரு தொழிலாளி “ஊசி மில்கயா” என்று சொன்னால் என்ன பொருள்?’ நாகஜோதி எழுதினாள்: ‘ஊசி கிடைக்கவில்லை. எல்லாரும் தேடுங்கள்.’ தரணி சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘கிடைத்துவிட்டது என்பதே சரி’ என்று எழுதினார். பன்னிரண்டாவது கேள்வியும் அப்படியே. பதினைந்தாவதும் அப்படியே. நாகஜோதி முப்பத்து நான்கு மார்க். பெயில். முதல் மார்க், டைம் ஆபீஸ் கிளார்க் செல்வக்குமார். அவர் லைனுக்குள் கால் வைத்ததே கிடையாது. அதனால் குழப்பம் எதுவும் இல்லாமல் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து நாற்காலி அவருக்கு என்று பேச்சு.

“நீயா உண்டாக்குன பாஷையில நீயே பெயிலா?” என்று ராமர் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நாகஜோதியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், குழம்பு கொதிக்கிற சாக்கில் அழுதாள். அவளுக்குக் கால் வலித்தது. அதைவிட, முப்பத்து நான்கு என்ற அந்தச் சிவப்பு எண் வலித்தது.

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் முன்பு, பையரின் ஆள் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். கைக்குழந்தைகள் போடும் உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கரடிப் பொம்மை அச்சடித்த மஞ்சள் துணி. தரணி லைனில் நின்று, தன் இலக்கணம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். பூபாலன் பக்கத்தில் நின்று, புரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நம்பர் ஃப்ளாட்லாக்கில் டக்கென்று ஊசி உடைந்தது.

பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் அப்படியே விடமுடியாது. உடைந்த துண்டெல்லாம் கிடைத்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முழு ஊசியானால்தான் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கிருக்கிற துணியெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகவேண்டும். பதினோராம் மிஷினில் இருந்தவள் சஸ்மிதா, ஒடிசாப் பெண். அவள் கையில் பாதி ஊசி கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. பதறிப்போய்க் கத்தினாள்: “ஊசி மில்கயா!”

தரணியின் முகம் மலர்ந்தது. பையரின் ஆளிடம் திரும்பி, ஊசி உடைந்தது, கிடைத்தும்விட்டது, மூன்றே விநாடியில் தகவல் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். ரெஜிஸ்டரை வாங்கித் தன் கையாலேயே ‘கிடைத்தது’ என்று எழுதினார். பண்டல் நகர்ந்தது. செக்கிங் மேஜையைச் சுற்றிக்கொண்டு நேரே பேக்கிங்குக்குப் போய், அட்டைப்பெட்டிக்குள் இறங்கியது.

அந்தக் கத்தல் நாகஜோதியின் காதிலும் விழுந்தது. போர்டு மாட்டிய நாளிலிருந்து யாரும் ‘ங்க’ சொல்வதில்லை. அப்படியானால் சஸ்மிதா சொன்னது எந்த மில்கயா? பழைய இலக்கணமா, புது இலக்கணமா? காலை இழுத்துக்கொண்டு பதினோராம் மிஷினுக்கு ஓடினாள்.

“சஸ்மிதா, ஊசி… ‘ங்க’?”

சஸ்மிதா போர்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாகஜோதியைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினாள். “ங்க நஹி, அக்கா.”

நாகஜோதி பேக்கிங்குக்குப் போனாள். டேப் ஒட்டவிருந்த அட்டைப்பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்து, மூடியை மடக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பூபாலன் வேகமாக வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். “என்னம்மா இது, பையர் நின்னு பாத்துட்டிருக்காரு. எந்திரி.”

“ஊசி மொன கெடைக்கல சார். இது பச்சப்புள்ள போடுத துணி. பெட்டிய மிஷின்ல விடுறவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

“கெடைச்சிருச்சுங்க அக்கா,” என்றார் தரணி. “அவங்களே சொன்னாங்களே, நீங்க கேக்கலீங்களா?”

“சொன்னா சார். ‘ங்க’ சொல்லலயே.”

பூபாலனுக்குத் தலை சுற்றியது. “மரியாதையப் பத்திப் பேசற நேரமா இது?”

அவள் எழுந்திருக்கவில்லை. பையரின் ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளைக் கையைப் பிடித்து இழுக்கவும் வழியில்லை. வேறு கதி இல்லாமல் பெட்டியை மெட்டல் டிடெக்டருக்குக் கொண்டுபோனார்கள். பதினேழாவது உடுப்பில் மிஷின் கத்தியது. தொடையைச் சுற்றி வரும் பட்டியில், தையலுக்குள் ஊசிமுனை குத்தி நின்றது. அரிசியில் பாதி நீளம்கூட இல்லை. நாகஜோதி அதை நகத்தால் பிடுங்கி எடுத்தாள். யார் வீட்டுக் குழந்தையோ. அந்த மஞ்சள் துணியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வந்த கோபத்துக்கு லைன் பாஷையில் சொல் இல்லை. விளாத்திகுளத்தில் இருக்கிறது, ஆனால் அதை எழுத முடியாது.

பூபாலன் சமாளிப்பதில் கெட்டிக்காரர். பையரின் ஆளிடம், எங்கள் கம்பெனியில் எப்போதும் இரண்டாவது தடவை சரிபார்க்கும் முறை உண்டு என்று இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷின் கடைசியிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டது. வந்தவர் திருப்தியாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பத்து நாளில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. ‘விதி ஒன்பது, திருத்தப்பட்டது: ங்க — உண்மை விகுதி. செயல் நிறைவுற்றதை உறுதிப்படுத்தும். கள ஆய்வின்போது நூலாசிரியர் நேரடியாகக் கண்டறிந்தது.’ பழைய போர்டைக் கழற்றிவிட்டு, ‘தளத்தில் “ங்க” கட்டாயம்’ என்று புதுப் போர்டு மாட்டினார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டால் அந்த விகுதி செத்தது என்பது தரணிக்குத் தோன்றவில்லை. நல்லவேளையாக, அதற்குள் லைனில் போர்டு படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பூபாலன் லைனுக்குள் வந்தார். தரணிக்குச் சால்வை போர்த்தினார். “உங்க புஸ்தகம் கம்பெனி மானத்தக் காப்பாத்திருச்சுங்க. ரொம்ப நன்றிங்க,” என்றார். தரணி கூச்சப்பட்டார். பிறகு பூபாலன் நாகஜோதி பக்கம் திரும்பினார். செல்வக்குமாரைத் திரும்ப டைம் ஆபீசுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

“நாகஜோதிய சூப்பர்வைசராப் போட்டாச்சு.”

ஆபீஸ் ஆட்கள் கைதட்டினார்கள். லைனில் ஒரு கைகூட அசையவில்லை. அறுபது பேரும் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஏதோ பாக்கி வரவேண்டும் என்பதுபோல. வரவில்லை. அவர் போய்விட்டார். பூபாலனுக்கு லைன் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் அன்று அவர் அதில் இலக்கண சுத்தமாகப் பேசிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆயிற்று. ஆபீசிலிருந்து ஆர்டர் வரவில்லை. அடையாள அட்டையில் ‘செக்கிங்’ அப்படியே இருந்தது. நாற்காலியில் தரணியின் பை இருந்தது. மூன்றாம் பதிப்புக்கு வேண்டிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நாகஜோதி பக்கத்தில் நின்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு நரம்பு சுண்டி இழுத்ததில் அவள் ஒரு காலைத் தூக்கி மறுகாலின்மேல் வைத்துக்கொண்டு நின்றதைப் பதினோராம் மிஷினிலிருந்து சஸ்மிதா பார்த்தாள்.

“அக்கா,” என்று சத்தத்துக்குமேல் கேட்டாள், “சேர்… ‘ங்க’?”

நாகஜோதிக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த மொழியில் அதற்கு இடமும் இல்லை.

“சேர் மில்கயா,” என்றாள்.

சஸ்மிதா மிஷினை அணைத்தாள். பன்னிரண்டாம் மிஷின் அணைந்தது. பத்து, ஒன்பது, எதிர்வரிசை என்று வரிசையாக அணைந்துகொண்டே போயிற்று. லைன் பாஷையில் ‘மில்கயா’ என்றால் காணோம், எல்லோரும் தேடு என்று பொருள். அதை எல்லோரும் பாஸ் மார்க் வாங்குகிற அளவுக்கு அறிந்திருந்தார்கள். சஸ்மிதா நடந்துபோய், தரணியின் பையை எடுத்து மரியாதையாகத் தரையில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையால் ஒருமுறை துடைத்து, நாகஜோதியின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள்.

“மில்கயாங்க, அக்கா.”

நாகஜோதி உட்கார்ந்தாள். அறுபது மிஷினும் மறுபடி ஓட ஆரம்பித்தன.

மிஷின் சத்தம் நின்றதைக் கேட்டுப் பூபாலன் ஆபீசிலிருந்து வெளியே வந்திருந்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, ஊசிமுனை ஞாபகம் வந்ததோ என்னமோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“என்னம்மா, உக்காந்தாச்சா?”

நாகஜோதி எழுந்திருக்காமலே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காந்தாச்சுங்க,” என்றாள்.

தெற்கத்தி ஆளுக்கும் ஒருவழியாக மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பூபாலன் சந்தோஷமாக ஆபீசுக்குத் திரும்பிப் போனார்.